உறைப்புப் பட்டால் செத்துப்போகிற வைன்

அக்காவும் அத்தானும் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குக் குடிவந்தபோது, வான் வண்டியில் இருந்து இறக்கிய பெட்டிகளில் பாதிக்கு மேல் போத்தல்கள். தட்டையாக, வயிறு பருத்து, கழுத்துக் குறுகிய பச்சைப் போத்தல்கள். தூக்கி வைக்க உதவிக்கு வந்த என் கணவர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது அரிஷ்டமா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். அத்தான் அதை அவரது கையிலிருந்து மெதுவாக வாங்கி, குழந்தையைக் கிடத்துவது போலப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

அத்தான் இருபது வருடங்களுக்கு மேல் வூர்ஸ்பூர்க் என்ற ஊரில், வைனுக்குப் பேர்போன ஒரு பழைய சாப்பாட்டுக்கடையில் சமையற்காரராக இருந்தவர். அந்தப் பக்கத்துக்கு ஃபிராங்கன் என்று பெயர். ஆற்றங்கரைச் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். அங்கே விளைகிற சில்வானர் என்ற வெள்ளை வைனைத்தான் இந்தத் தட்டைப் போத்தலில் அடைக்கிறார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று அக்கா பிடித்த பிடியில் லண்டனின் தென்கோடியிலுள்ள மோர்டனுக்கு வந்துசேர்ந்தார்கள். பிள்ளைகள் படிப்பென்று வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அக்காவும் அத்தானும் சில்வானரும் மோர்டனில் மிஞ்சினார்கள். போத்தல்களுக்குப் படிக்கட்டின் கீழுள்ள அலுமாரி கிடைத்தது.

நானும் கணவரும் இருப்பது கோலியர்ஸ் வுட்டில். நான் அங்கே ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். கணவர் திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் வேலை, மதுவைத் தொடாதவர். இரண்டே ஸ்டேஷன் தூரம் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுச் சாப்பாட்டிலிருந்து தப்ப வழியில்லை.

மற்ற மாதங்களில் அந்தச் சாப்பாடு சுகமானது. வசந்தம் வந்தால்தான் சோதனை. வெள்ளை அஸ்பரகஸ் வரும் காலம் அது. ஜெர்மன்காரர் அதற்குக் கொடுக்கிற மரியாதையை நாங்கள் கோயில் திருவிழாவுக்குத்தான் கொடுப்போம். லண்டனில் எங்கும் கிடைப்பது பச்சை. அத்தான் எங்கெங்கோ அலைந்து வெள்ளையைக் கண்டுபிடித்து வாங்கி வருவார். தோலைச் சீவி, அவித்து, நீளத் தட்டில் அடுக்கி, வெண்ணெய் ஊற்றி, மூடிபோட்டு மேசைக்குக் கொண்டுவருவார். பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கு. அவ்வளவுதான். மிளகுகூடக் கிடையாது.

மூடியைத் திறக்க முதல் ஒரு பிரசங்கம் நடக்கும். அத்தான் எழும்பி நின்று, போத்தலை ஒரு கையால் ஏந்திக்கொண்டு சொல்லுவார்.

"இது சில்வானர். இனிப்பில்லாத வைன். சுண்ணாம்புக் கல்லு நிலத்தில விளைஞ்சது. இதுக்கு வெள்ளை அஸ்பரகஸ் ஒத்துப்போகும். வினாகிரியும் வெங்காயமும் போட்டு அவிச்ச சொசேஜ் ஒத்துப்போகும். குளிர்காலமெண்டால் பொரிச்ச குளத்துமீன். எங்கட சாப்பாடு இதுக்குச் சரிவராது. உறைப்புப் பட்டால் வைன் செத்துப்போம்."

"ஆமா, காரம் இல்லாட்டி நாம செத்துப்போவோம்," என்பார் என் கணவர், எனக்கு மட்டும் கேட்கும்படி.

ஒருமுறை நான் போத்தலின் வடிவத்துக்குக் காரணம் கேட்டேன். முற்காலத்தில் ஜெபப் புத்தகம் வைத்துக் கொண்டுபோகிற பையின் வடிவம் அது என்று அத்தான் பக்தியோடு விளக்கினார். அவர் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போன சமயம் அக்கா என் காதுக்குள் குனிந்தாள்.

"ஜெபமும் இல்லை, புத்தகமும் இல்லை. அந்தப் போத்தலின்ர ஜெர்மன் பேருக்கு ஆட்டுக்கடாவின்ர பை எண்டுதான் அந்த ஊரிலை அர்த்தம் சொல்லுறவை. எந்தப் பை எண்டு நீயே யோசிச்சுக்கொள்."

யோசித்தேன். அத்தான் திரும்பி வந்து போத்தலைத் தடவியபடி அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியபோது எனக்குப் புரையேறியது. வைன் பழக்கமில்லாததால் வந்த புரை என்று நினைத்து அவர் தண்ணீர் ஊற்றித் தந்தார்.

உண்மையில் வைன் எனக்குப் பிடித்திருந்தது. பச்சை ஆப்பிளை ஒரு கடி கடித்துவிட்டு, ஆற்றுக் கூழாங்கல்லொன்றை வாயில் போட்டு உறிஞ்சியது போலிருக்கும். பிரச்சினை அந்த வெள்ளைக் குச்சிகளோடுதான். முதல்நாள் அதைக் கண்டதும் என் கணவர், "அண்ணா, இது சோகை பிடிச்ச முருங்கைக்காய் தானே?" என்றார்.

"தம்பி, இது அரசர்மார் சாப்பிட்ட சாமான்."

"சாப்பிட்டிருப்பாங்க அண்ணா. அரண்மனையில ஊறுகாய் இருந்திருக்கும்."

இரண்டாவது வருடத்திலிருந்து நான் கைப்பைக்குள் மோர்மிளகாய் கொண்டுபோகத் தொடங்கினேன். நடுவில் எழும்பி, மேல்மாடிக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, ஒன்றைக் கடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டு இறங்கி வருவேன். பிறகு கணவரும் போய்வருவார். எங்கள் இருவருக்கும் ஏதோ வயிற்றுக் கோளாறு என்று அத்தான் அக்காவிடம் கவலைப்பட்டிருக்கிறார்.

அக்கா எப்படித் தாங்கினாள் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலேயே கூடுதலாக உறைப்புச் சாப்பிட்டவள் அவள். கேட்டால், "இவர் கடையில ஜெர்மன் சாப்பாடு சாப்பிட்டுப் பழகிட்டார், உறைப்பு ஏலாது," என்பாள். கலியாணம் முடித்து வூர்ஸ்பூர்க்குக்குப் போன நாளிலிருந்து கறிக்கு அரைக் கரண்டி தூள்தான் போட்டாள். தனக்கென்று வேறாகச் சமைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

போன வருடம் ஆனி மாதக் கடைசியில் அத்தானுக்கு ஒரு தொலைபேசி வந்தது. அந்தச் சாப்பாட்டுக்கடையின் முதலாளியம்மா லண்டன் பார்க்க வருகிறாராம். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருக்கிறார். ஒரு ஞாயிறு மத்தியானம் மோர்டனில் சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டார்.

அத்தான் நிலைகொள்ளாமல் போனார். முதலாளியம்மாவுக்குச் சில்வானரோடு வெள்ளை அஸ்பரகஸ் வைக்காமல் வேறு எதை வைப்பது? ஆனால் ஜூன் இருபத்துநாலோடு அதை வெட்டுவதை நிறுத்திவிடுவது ஜெர்மனியில் வழக்கம். அதற்குப் பிறகு செடி இளைப்பாற வேண்டும். வெள்ளையைத் தேடி லண்டனின் நாலு மூலைக்கும் போனார். கடைசியில் வால்தம்ஸ்டோவில் ஒரு கடையில் ஜாடியில் அடைத்தது கிடைத்தது. அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

அக்கா கிளினிக்குக்கே எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எடி, அந்த ஜாடிச் சாமானைத் திறந்து ஒண்டு சாப்பிட்டுப் பாத்தனான். நனைஞ்ச கடுதாசி மாதிரிக் கிடக்கு. அந்த மனுசி அவ்வளவு தூரத்தில இருந்து வந்து இதையே தின்னுறது?"

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

"நீ டூட்டிங்குக்குப் போய் நல்ல பிஞ்சு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வா. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"அத்தான்?"

"அந்த மனுசிக்கு முன்னால அவர் வாய் திறக்கமாட்டார். அவவெண்டால் இண்டைக்கும் அவருக்குப் பயம்."

அக்காவின் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுப் பல வருடங்களாகியிருந்தன. எனக்கு முன்னால் பல்வலியோடு ஒருவர் நின்றுகொண்டிருந்ததால் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கட்டாயம் செய்து தருகிறோம்" என்று கிளினிக்குக் குரலில் சொல்லி வைத்தேன்.

ஞாயிறு காலையில் வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். ஜாடி அஸ்பரகஸைத் தான் பார்த்துக்கொள்வதாக அக்கா சொல்ல, முதலாளியம்மாவைக் கூட்டிவர அத்தானை அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு, என் கணவரைத் துணைக்குப் போகச் சொன்னோம். "வழியெல்லாம் அண்ணாவைப் பேச வெச்சு லேட் பண்ணிடுறேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவும் நானும் முருங்கைக்காயின் தோலைச் சீவி, அஸ்பரகஸ் நீளத்துக்கே வெட்டினோம். வெங்காயம், பச்சைமிளகாய், உள்ளிப்பூண்டு, கொஞ்சம் வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள். முதலில் தேங்காயின் இரண்டாம் பால், இறக்கும்போது முதற்பால், பிறகு தேசிக்காய்ப் புளி, என் கணவருக்கு அது எலுமிச்சை. வீட்டில் எப்போதும் வைக்கிற பால்கறிதான். பச்சைமிளகாயை மட்டும் அக்கா அன்றைக்கு எண்ணிப் போடவில்லை. எல்லாவற்றையும் அந்த நீளத் தட்டில் ஒரே திசையில் அடுக்கி, மேலே பாலை ஊற்றி, மூடியால் மூடினோம். தூரத்தில் நின்று பார்த்தோம். மூடி நன்றாக ஒத்துழைத்தது.

முதலாளியம்மா எழுபதைத் தாண்டியவர். ஆறடி உயரம், கட்டையாக வெட்டிய நரைமயிர், சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. துவாயில் சுற்றிய இரண்டு தட்டைப் போத்தல்களை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தார். அவருக்கும் அக்காவுக்கும் ஜெர்மன் மொழி. எங்களோடு நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசினார்.

எல்லாரும் மேசையில் உட்கார்ந்ததும் அத்தான் எழும்பினார். போத்தலை ஏந்திக்கொண்டு அந்தப் பிரசங்கத்தை எங்கள் முன்னால் முதன்முறையாக அதன் சொந்த மொழியில் செய்தார். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் வருகிறது, எந்த இடத்தில் சொசேஜ் வருகிறது என்று ஓசையை வைத்தே கண்டுகொண்டேன். முதலாளியம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்து, மாணவன் பாடம் ஒப்புவிப்பதைக் கேட்கிற மாதிரிக் கேட்டார். பிரசங்கம் முடிந்தது. அத்தான் மூடியைத் தூக்கினார்.

தேங்காய்ப்பால் மணத்தோடு ஆவி எழுந்தது. அத்தான் மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார். அக்கா மேசைவிரிப்பின் ஓரத்தைச் சரிசெய்தாள். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு மிகத் தெளிவாக, "முருங்கா" என்றார்.

அத்தானின் காது சிவந்தது. முதலாளியம்மா அவரைப் பார்த்து ஜெர்மனில் ஏதோ கேட்டார். அதில் எனக்கு விளங்கியது ஒரே சொல். அந்தச் சொல் "சம்பல்".

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"சம்பல் எங்க எண்டு கேக்கிறா," என்றாள் அக்கா, கண்ணை அத்தானை விட்டு எடுக்காமல். "இவர் வழக்கமா இடிக்கிற அந்தச் சிவப்புச் சம்பல் ஏன் மேசையில இல்லை எண்டு கேக்கிறா."

அதற்குப் பிறகு நடந்த விசாரணை முழுவதும் ஜெர்மனில் நடந்தது. அக்கா கேட்பாள், முதலாளியம்மா சந்தோஷமாகப் பதில் சொல்லுவார், அக்கா எங்களுக்குத் தமிழில் சொல்லுவாள். தான் எதைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று முதலாளியம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கடையில் மத்தியான வியாபாரம் முடிந்ததும் வேலையாட்களுக்கென்று அத்தான் பின்குசினியில் சமைப்பாராம். தமிழ்க்கடையில் வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்த முருங்கைக்காயில் ஒரு பால்கறி. காய்ந்த செத்தல்மிளகாயைச் சுட்டு, தேங்காயோடு இடித்த சம்பல். சோறு. எல்லாருக்கும் ஒவ்வொரு கிளாஸ் சில்வானர். முதலில் அழுதவர்கள் எல்லாம் பிறகு அதற்காகவே வேலைக்கு நேரத்தோடு வந்தார்களாம்.

"வைன் செத்துப்போறேல்லையோ எண்டு கேள் அக்கா," என்றேன்.

அக்கா கேட்டாள். முதலாளியம்மா தோளைக் குலுக்கினார். "கொஞ்சம் சாகத்தான் செய்யுமாம். அடுத்த வாய் சோறு போனதும் எழும்பிடுமாம்."

பிறகு அக்கா அத்தானின் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்.

"அப்ப இருபது வருசமா நான் உறைப்பைக் குறைச்சுச் சமைச்சது ஆருக்கு?"

அத்தான் மூடியை மேசையில் வைத்தார். திரும்ப எடுத்துத் துடைத்தார். "அங்கையும் அதைச் சாப்பிட்டு, வீட்டிலயும் அதையே சாப்பிட்டால், நான் எப்ப ஜெர்மன்காரரின்ர சாப்பாட்டைப் பழகிறது? ஊருக்கு ஏத்த மாதிரி ஒரு இடத்திலயாவது இருக்கவேணுமெல்லே."

"அதுக்கு என்ர வாயே கிடைச்சது?"

என் கணவர் தொண்டையைச் செருமினார். "அண்ணா, நான் வைன் குடிக்கிறதில்ல. அதனால நடுநிலையா சொல்றேன். உங்க மேல கேஸ் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு."

"எழும்புங்கோ," என்றாள் அக்கா. "உரல் சிங்குக்குக் கீழ இருக்கு. தேங்காய்ப்பூ ஃப்ரீசருக்குள்ள. செத்தல்மிளகாய் எங்க இருக்கெண்டு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

அத்தான் எழும்பிப் போனார். சற்று நேரத்தில் குசினியிலிருந்து மிளகாய் கருகும் வாசம் வந்து எங்களைத் தும்மவைத்தது. முதலாளியம்மா கிளாஸையும் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அவர் இடிப்பதை மேற்பார்வை செய்தார். தேசிக்காய் போதாது என்று அவர் சொன்னதை, மொழி தெரியாமலே குரலை வைத்து விளங்கிக்கொண்டேன். அதற்குள் அக்கா சோறு வடித்துவிட்டாள்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். முருங்கைக்காயைப் பிளந்து சதையைப் பல்லால் வழித்து எடுத்தால் அதில் ஒரு பச்சைவாசம் இருக்கும், கூடவே ஒரு மெல்லிய கசப்பு. தேங்காய்ப்பால் அதை மூடி இனிப்பாக்கும். அதன் மேல் ஒரு மிடறு சில்வானர் போனதும் பாலின் கொழுப்பு நாக்கை விட்டு விலகி, அந்தப் பச்சைவாசம் மட்டும் மறுபடி எழுந்து நின்றது. அஸ்பரகஸோடு அந்த வைன் இப்படி நடந்துகொண்டதை நான் கண்டதில்லை. சம்பலோடு வேறு கதை. மிளகாயின் எரிவை வைன் இன்னும் கொஞ்சம் ஊதிவிட்டது. கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் யாரும் சம்பலை நிறுத்தவில்லை. முதலாளியம்மா முருங்கைக்காயைக் கையால் பிளந்து, சப்பி, சக்கையைத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கினார். சாப்பாடு முடிந்தபோது எங்கள் எல்லாருடையதையும் விட அவருடைய குவியல்தான் உயரமாக இருந்தது.

அக்கா மூன்று முறை சம்பல் போட்டுக்கொண்டாள். மூக்கைத் துடைத்தபடியே சாப்பிட்டாள். அத்தான் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து அவளுடைய கிளாஸை நிரப்பிக்கொண்டிருந்தார்.

பிறகு பாத்திரம் கழுவும் வேலையை ஆண்களிடம் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பெண்களும் பக்கத்துப் பூங்காவுக்கு நடந்தோம். ஆற்றோரத்து மரவாங்கு ஒன்றில் உட்கார்ந்தோம். முதலாளியம்மா அத்தானின் ஆரம்ப நாட்களைச் சொல்லத் தொடங்கினார், எனக்காக ஆங்கிலத்தில், வார்த்தை கிடைக்காத இடங்களில் அக்காவைப் பார்த்து ஜெர்மனில்.

அத்தான் வேலைக்கு வந்தபோது பஸ் டிக்கெட் கேட்கக்கூட ஜெர்மன் தெரியாதாம். முதலாளியம்மா ஒவ்வொரு மேசையிலும் வைனைப் பற்றிச் சொல்வதைக் குசினிக் கதவருகே நின்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாராம். அவர் முதன்முதலில் பிழையில்லாமல் பேசிய நீளமான ஜெர்மன் அந்தச் சில்வானர் பிரசங்கம்தானாம். ஒருநாள் பரிமாறுகிறவர் வராதபோது அவரை மேசைக்கு அனுப்பினார்கள். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் முன்னால் நின்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தாராம். அவர்கள் கைதட்டிவிட்டு மேலும் ஏதோ கேட்டார்களாம். அதற்குப் பதில் சொல்ல மொழி இல்லாததால் அத்தான் பிரசங்கத்தை முதலிலிருந்து திரும்பச் சொன்னாராம்.

நான் வாங்கில் சரிந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தாள்.

"இன்னொன்று சொல்லவேண்டும்," என்றார் முதலாளியம்மா. "பின்குசினியில் அந்தக் கறியை நாங்கள் புகழ்ந்தால் அவருக்குக் கோபம் வரும். இது ஒன்றுமில்லை, என் மனைவி வைக்கிற முருங்காதான் முருங்கா, நான் செய்வது வெறும் ஞாபகம் என்பார். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லுவார். இத்தனை வருடம் கேட்டுக்கேட்டு நான் இன்றைக்குத்தான் சாப்பிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை."

அக்கா ஆற்றையே பார்த்துக்கொண்டு இருந்தாள். இரண்டு வாத்துகள் எங்களிடம் ஒன்றும் கிடைக்காது என்று கண்டு திரும்பிப் போயின.

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை," என்றாள் தமிழில்.

"இனிக் கேட்டுப் பார்."

"கேக்கமாட்டன். எனக்கு இது தெரியுமெண்டு அவருக்குத் தெரியவே கூடாது. நீயும் வாய் திறக்காத." சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இண்டைக்குப் பிடிபட்ட கள்ளன். கொஞ்ச நாளைக்குப் பயத்தோட இருக்கட்டும்."

நாங்கள் திரும்பி வந்தபோது அத்தான் கையைத் துடைத்தபடி வாசலிலேயே நின்றார்.

"என்ன கதைச்சனீங்கள் இவ்வளவு நேரமும்?"

"மழை வரும்போல கிடக்கு எண்டு கதைச்சம்," என்றாள் அக்கா. அத்தான் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். ஒரு முகில்கூட இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து அக்கா வீட்டுக் கறி முழு உறைப்புக்கு மாறிவிட்டது. அத்தான் நெற்றியைத் துடைத்துத் துடைத்து, முறைப்பாடில்லாமல் சாப்பிடுகிறார். ஆனால் பூங்காவில் முதலாளியம்மா இன்னும் எதையெல்லாம் சொன்னார் என்பது மட்டும் அவரை அரித்துக்கொண்டே இருக்கிறது. அக்காவிடம் கேட்கத் துணிவில்லை. என்னைத்தான் பிடித்தார். முதலில் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தார். "அத்தான், ஆக்கள் நிக்கினம், பேந்து கதைக்கிறன்," என்று வைத்துவிடுவேன். பிறகு நேரிலேயே வரத் தொடங்கினார். இரண்டு ஸ்டேஷன் ரயிலில் வந்து, பொறுமையாக வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஒரு சின்ன ஜாடியை மேசைமேல் வைப்பார். அன்றைக்கு இடித்த சம்பல்.

"தங்கச்சி, பூங்காவில அவ வேற ஏதும் சொன்னவவே?"

"நல்லா ஞாபகமில்லை அத்தான். யோசிச்சுச் சொல்லுறன்."

இதுவரை ஐந்தாறு ஜாடிகள் வந்துவிட்டன. நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன ஜாடியில் தேசிக்காய்ப் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதை மட்டும் அவருக்குச் சொல்லி அனுப்பினேன்.